மூணாம் பிளாக்கு மூக்கன்

"உன்கிட்ட மட்டுந்தான்க்கா சொன்னேன்."

இதைச் சொல்லும்போது ஜெயக்கொடி கத்தவும் இல்ல, அழவும் இல்ல. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதுல எனக்கு மூணாம் பிளாக்குல நல்ல பேரு உண்டு. அவ மெதுவாச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. பதினொன்னாம் நம்பர் வீடு அவளோடது, பன்னெண்டு என்னோடது. பத்து வருஷமா அந்த ரெண்டு கதவும் பகல்ல சாத்தினது கிடையாது.

விஷயம் இதுதான். ஜெயக்கொடிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். போகாத கோயில் இல்ல, பார்க்காத டாக்டர் இல்ல. முப்பத்தாறு வயசுல இப்பத்தான் நாள் தள்ளிப்போயிருந்துச்சு. எங்க பக்கம் மூணு மாசம் முடியாம இதை வெளிய சொல்லமாட்டோம், கண்ணு பட்டுரும். புருஷன் தவிர வேற யாருக்கும் மூச்சு விடக்கூடாது. அப்படிப்பட்ட சேதியை அவ என்கிட்ட சொன்னா, அதுவும் பிள்ளையில்லாத என்கிட்ட. வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடாத வீடுக இந்தக் காலனியில எத்தனையோ இருக்கு. பேச்சியம்மா கண்ணு பொல்லாதுன்னு பேசிக்கிறது என் காதுலயும் விழும். இவ என் கையைப் பிடிச்சு, "அக்கா, ஒண்ணு சொன்னா யாருக்கும் சொல்லமாட்டியே"ன்னா. அன்னைக்கு எனக்குத் தரையில கால் பாவல.

பத்தே நாள்ல, அவ வேலை பாக்குற பஞ்சு மில்லு சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கான். "ஒன்பது வாரம் ஆச்சாமே. வீட்ல இருந்து உடம்பைப் பாத்துக்கம்மா. ஒப்பந்தத்தை இந்தத் தடவை புதுப்பிக்கல."

அப்ப யாரு சொன்னது? நான் மூச்சு விடலையே, வேற யாரு?

என்னைப் பத்திச் சொல்லிடுறேன். நான் இந்தக் காலனிக்குக் குப்பை டீச்சர். நகரசபை ஒப்பந்தக்காரர் குடுத்த அடையாள அட்டையில பரப்புரையாளர்னு போட்டிருக்கும், ஆனா குப்பை டீச்சர்னு கேட்டாத்தான் சின்னப்புள்ளைகூட வீட்டைக் காட்டும். ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்குள்ளயும் போய், மக்குறது பச்சை டப்பா, மக்காதது நீல டப்பா, நாப்கின், பஞ்சு, மாத்திரை அட்டை மாதிரி உடம்போட ஒட்டுனது சிவப்பு டப்பான்னு பாடம் எடுப்பேன். பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையைத் துண்டா வெட்டிப் போடாதீக, ஒட்டியிருக்கிற மாதிரி கீறுங்க, அந்தத் துணுக்குதான் மாட்டு வயித்துக்குள்ள போகுதுன்னு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். சும்மா சம்பளத்துக்காகச் சொல்லல. எங்க காலனிக்குப் பின்னாடி கல்மேட்டுக் குப்பை மலை இருந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி அது பத்திக்கிட்டு இருபத்திரண்டு நாள் எரிஞ்சுச்சு. என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே இளைப்பு. இருபத்திரண்டாவது நாள் தீ அணைஞ்சுச்சு, இருபத்தஞ்சாவது நாள் அவரு போயிட்டாரு. அப்புறந்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

போன வருஷம் துலக்கம்னு ஒரு கம்பெனிக்காரங்க ஒவ்வொரு பிளாக்கு வாசல்லயும் ஒரு பெட்டியைக் கொண்டாந்து நட்டாங்க. பீரோ உசரம், மூணு வாயி. காலையில நம்பர் வில்லை மாட்டுன டப்பாவைக் கொண்டுபோய்க் கவுத்தா, உள்ள ஒரு காத்து உறிஞ்சும், அப்புறம் ஒரு பொம்பளைக் குரல் கேக்கும்: "நன்றி, பதினொன்றாம் வீடு. பிரித்தது தொண்ணூற்றாறு விழுக்காடு." மோந்து பார்த்தே வாழைப்பழத் தோலுக்குள்ள ஒளிச்சு வச்ச பேட்டரியக் கண்டுபிடிச்சுரும். குரல் என்னவோ பொம்பளைக் குரல்தான், ஆனா எங்க ஆளுக வச்ச பேரு மூக்கன். அந்தப் பெட்டி வந்த அன்னைக்கு வீட்டுக்கு ஒருத்தர் கைரேகை வைக்கணும்னாங்க. தயங்குனவங்க கட்டைவிரலை எல்லாம் நாந்தான் பிடிச்சு அமுக்கி விட்டேன். "வைங்க, ஒண்ணும் ஆகாது, நாஞ் சொல்றேன்ல." இதே வாயாலதான் சொன்னேன்.

ஜெயக்கொடி கதவைச் சாத்துன மறுநாள், கீழ குழாயடியில நான் போனதும் பேச்சு நின்னு போச்சு. ஒருத்தி மட்டும் முணுமுணுத்தா, "அடுப்படி வரைக்கும் விட்டா அடுத்த வேளை அடிவயித்தையும் பாக்கத்தான் செய்வாங்க"ன்னு. எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. நானும் சும்மா இருக்கல, எல்லார் மேலயும் சந்தேகப்பட்டேன். மெடிக்கல் கடைக்காரனாயிருக்குமோ? மில்லுல அவகூட நூல் சுத்திக் கோன் போடுற பொண்ணுகளா? ஜெயக்கொடி புருஷனே சந்தோஷத்துல உளறிட்டானோ? அவனைப் போய்க் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "நீங்க கேக்கிறீங்களாக்கா?"ன்னான். அதுக்கு அவன் என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்.

மூணாம் நாள் காலையில என் பச்சை டப்பாவைத் தொறந்தா, உள்ள ரெண்டாப் பிளந்த எலுமிச்சம்பழம், குங்குமம் தடவினது. அதோட காஞ்ச மிளகாய், கல்லு உப்பு. யாருன்னு கேக்கவே வேண்டாம். சுத்திப்போட்டதைச் சொந்த வீட்டு டப்பாவுல போடக்கூடாது, திருஷ்டி திரும்ப வீட்டுக்கே வந்துரும்னு எங்காளுக முச்சந்தியில போடுவாங்க. முச்சந்தியில போட்டா அபராதம்னு வந்ததும் அடுத்த வீட்டு டப்பாவுல போட ஆரம்பிச்சாங்க. இதுக்காக நான் எத்தனை பேரை வஞ்சிருப்பேன்! ஆனா இது சும்மா போட்டது இல்ல. யாரு கண்ணு பட்டுச்சோ அவங்க டப்பாவைத் தேடிப் போட்டது.

அப்படியே கொண்டுபோய் மூக்கன் வாயில கவுத்தேன். "நன்றி, பன்னிரண்டாம் வீடு"ன்னான்.

எலுமிச்சம்பழம் பதினொன்னாம் வீட்டோடது. இவன் பன்னெண்டுக்கு நன்றி சொல்றான். இவனுக்குத் தெரிஞ்சது டப்பா நம்பர் மட்டுந்தான். அப்ப எனக்கு அது பெருசாப் படல. ஆனா சூப்பர்வைசர் சொன்ன அந்த 'ஒன்பது வாரம்' மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஜெயக்கொடி என்கிட்ட நாள் தள்ளிப்போயிருக்குன்னுதான் சொன்னா, வாரக்கணக்கு சொல்லல. எனக்கே தெரியாத கணக்கு அவனுக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை கிளமெண்ட் வந்தான். துலக்கம் கம்பெனி மெக்கானிக்கு, ரெண்டு பிள்ளைக்கு அப்பன், வாய் ஓயாது. மூக்கன் முதுகைத் தொறந்து, உள்ள இருந்த சல்லடைத் தகட்டைப் பஞ்சால துடைச்சுக்கிட்டு இருந்தான். டீ வாங்கிக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்தேன்.

"தம்பி, இவன் பேட்டரி, பிளாஸ்டிக்கு மட்டுந்தான் மோந்து பாப்பானா?"

"அதுக்கா இம்புட்டுப் பெரிய மூக்குக்கா? எல்லாந் தெரியும். சிவப்பு டப்பா வந்தாப் போதும், வீட்ல யாருக்குச் சக்கரை, யாரு தூக்க மாத்திரை போடுறா, எல்லாம் வாடையிலயே வந்துரும்."

"உண்டாயிருந்தா?"

"அது ரொம்ப ஈஸிக்கா. மாசாமாசம் வர்றது வராது, மூத்திரத்தோட வாடை மாறிடும். எத்தனை வாரம்ங்கிறதைக்கூடச் சொல்லிரும்." பஞ்சைத் திருப்பிக்கிட்டான். "வீட்டு நலக் குறிப்புன்னு ஒண்ணு போகும். மில்லு, இன்சூரன்ஸு, சத்துமாவு கம்பெனி, யாரு கேட்டாலும் குடுப்பாங்க. கைரேகை வச்சப்பவே அதுக்கும் சேத்துத்தானே வாங்கினது."

நான் பிடிச்சு அமுக்கின விரல்கள் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"எல்லா வீட்டைப் பத்தியும் போகுமா?"

"நல்லாப் பிரிச்சுப் போடுற வீட்டைப் பத்தித்தான். கலந்து போட்டா வாடை எல்லாம் குழம்பிரும், ஒண்ணும் படிக்க முடியாது. நாலாம் வீட்டுப் பெரியவர் பத்தி இதுவரை ஒரு வரி இல்ல. உங்க பிளாக்குதான் எங்க கம்பெனியிலயே ரொம்பத் தெளிவாப் படிக்கிற பிளாக்கு. எல்லாம் உங்க ட்ரெயினிங்." சிரிச்சான். என் மூஞ்சியைப் பாத்ததும் சிரிப்பு நின்னுச்சு. "அக்கா, நாஞ் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க."

நாலாம் வீடு சங்கரலிங்கம் அண்ணன், மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ஓய்வு பெத்தவரு. சோறு, கண்ணாடி, பிளேடு, பல்பு எல்லாத்தையும் ஒரே பையில கட்டி எறியிற மனுஷன். "என் குப்பை, என் இஷ்டம்"னு என்கூடச் சண்டை போடாத நாள் கிடையாது. இந்தக் காலனியில தப்பிச்ச ஒரே ஆளு அவருதான். நான் சொன்னதைக் கேட்டவங்க அம்புட்டு பேரும் மாட்டிக்கிட்டாங்க. தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஜெயக்கொடி வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொன்னேன். உள்ள இருந்தே பதில் வந்துச்சு. "பழியைத் தூக்கிப் பெட்டி மேல போடுறியாக்கா? அதுக்குக் கண்ணு இருந்தா அழும்."

வாயால சொன்னா நம்பமாட்டா, கையில காட்டணும். அப்பத்தான் அந்த எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்துச்சு. மூக்கனுக்குத் தெரிஞ்சது டப்பா நம்பர்தான். எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ஏழு வருஷம். கட்டி வந்துருச்சுன்னு பெரியாஸ்பத்திரியில எடுத்தாங்க, அந்தச் சீட்டு பத்திரமா இருக்கு. எனக்கு வயசு நாப்பத்தஞ்சு, புருஷனும் இல்ல. என்னை உண்டாயிருக்கான்னு அவன் சொல்லிட்டா?

என் அக்கா மக இந்திராணி திருமங்கலத்துல இருக்கா. அவ உண்டாயிருந்தா, மூணு மாசம் முடிஞ்சு வெளிய சொல்லியாச்சு. நான் கேட்டதைக் கேட்டு, "சித்தி, உனக்குப் பித்தா?"ன்னா. ஆனா குடுத்தா. அவ மூத்திரம் பட்ட பஞ்சு, சத்து மாத்திரை அட்டை எல்லாத்தையும் பொட்டலமாக் கட்டி, நாறாம இருக்கத் தூக்குவாளிக்குள்ள வச்சு மூடி, ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ்ஸுல போய் வாங்கியாந்தேன். கண்டக்டர் ஒருநாள், "என்னக்கா, கறிக்குழம்பா?"ன்னு கேட்டான். "ஆமா, இறங்குறப்ப உனக்கும் ஒரு கரண்டி ஊத்துறேன்"னேன். அம்புட்டையும் என் சிவப்பு டப்பாவுல போட்டேன். முறையாப் பிரிச்சு, காகிதத்துல சுத்தி, நானே சொல்லிக் குடுத்த மாதிரி. தொண்ணூத்தெட்டு விழுக்காடு வந்துச்சு.

பதினோராவது நாள் போன் அடிச்சுச்சு. ஒரு மெசேஜ். 'வாழ்த்துகள்! பதினாறாவது வாரம். நீங்கள் தாயாகப் போகிறீர்கள்.' கீழ சத்துமாவு படம். அடுத்த ரெண்டு நாள்ல எங்க ஒப்பந்தக்காரர் ஆபீஸ்ல ஒரு கடிதம். 'தங்கள் உடல்நிலையைக் கருத்தில் கொண்டு, வரும் மாதம் முதல் ஓய்வு வழங்கப்படுகிறது.' அதை வாங்கப் போனப்ப அங்க இருந்த நாலு பேரும் என் வயித்தைப் பாத்தாங்க. புருஷன் போய் நாலு வருஷமான பொம்பளை. ஒருத்தன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சான். வேலை போகும்னு தெரிஞ்சுதான் செஞ்சேன், இந்தச் சிரிப்பைத்தான் நான் நினைச்சுப் பாக்கல. உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

நேரா வந்து ஜெயக்கொடி வீட்டுக் கதவைத் தட்டுனேன். அவ தொறக்கல. கதவிடுக்கு வழியா மூணு காகிதத்தை உள்ள தள்ளுனேன்: மெசேஜோட நகல், வேலைநீக்கக் கடிதம், கர்ப்பப்பை எடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு. அப்படியே வாசல்ல உக்காந்துட்டேன்.

அப்புறம் உள்ள கெக்கெக்கேன்னு ஒரு சத்தம். அழுவுறாளோன்னு பதறிட்டேன். கதவு தொறந்துச்சு. சிரிச்சுக்கிட்டே அழுவுறா.

"எத்தனை வாரம்க்கா உனக்கு?"

"பதினாறு வாரமாண்டி. உனக்கு மூத்தது."

அவ என் காலைப் பிடிக்கக் குனிஞ்சா. இந்த உடம்பை வச்சுக்கிட்டுக் குனியலாமான்னு வஞ்சு தூக்கி விட்டேன். "எலுமிச்சம்பழம் போட்டேனேக்கா"ன்னு விம்முனா. "விடு, அதுதான் எனக்கு வழி காட்டுச்சு"ன்னேன்.

அன்னைக்குச் சாயந்திரம் பிளாக்குல இருக்கிற இருபது வீட்டுக்காரங்களையும் மாடிப்படிக்குக் கீழ கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். விரலை அமுக்கி விட்டது நாந்தான், என் மேலதான் தப்புன்னும் சொன்னேன். சக்கரை இருக்கிறது டாக்டருக்கு முன்னாடி இன்சூரன்ஸ்காரனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு ஒன்பதாம் வீட்டுக்காரர் இப்பத்தான் யோசிச்சாரு. சங்கரலிங்கம் அண்ணன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "பாத்தீங்களா? எல்லாரும் என்னை மாதிரி ஒரே பையில கட்டி எறிங்க"ன்னாரு. நிறைய பேரு தலையாட்டுனாங்க.

எனக்கு உசுரே போயிருச்சு. "எறியலாம்ணே. எறிஞ்சா எங்க போகும்? பின்னாடி திரும்ப மலை ஏறும். அடுத்த தடவை தீப்பிடிக்கும்போது இவ வயித்துல இருக்கிறது தொட்டில்ல கிடக்கும். இருபத்திரண்டு நாள் அந்தப் புகையில அதை வச்சுக்கிட்டு எங்க ஓடுவா?"

அண்ணன் நிமித்தின நெஞ்சை இறக்கிட்டாரு. அவரும் அந்தப் புகையைத் தின்ன ஆளுதான்.

"பிரிக்கிறதை நிறுத்தவேண்டாம்"னேன். "இத்தனை நாளும் எலுமிச்சம்பழத்தை மட்டும் அடுத்த வீட்டு டப்பாவுல போட்டீங்க, நானும் வஞ்சேன். இனிமே வையமாட்டேன். எல்லாத்தையும் அடுத்த வீட்டு டப்பாவுல போடுங்க."

முறை இதுதான். கழுவின காலி டப்பாக்களை மாடிப்படிக்குக் கீழ அடுக்கிருவோம். கைக்கு எது அகப்படுதோ அதை எடுத்துட்டுப் போகணும், நம்பரைப் பாக்கக்கூடாது. குப்பை ஒழுங்காப் பிரிஞ்சிருக்கும். ஆனா யாரு குப்பைன்னு மூக்கனுக்குத் தெரியாது. ரெண்டு வாரத்துல சங்கரலிங்கம் அண்ணனே பால் பாக்கெட்டை மூலை ஒட்டியிருக்கிற மாதிரி கீற ஆரம்பிச்சுட்டாரு. "என் பேருல இல்லேன்னா எனக்கென்ன"ன்னாரு.

அடுத்த மாசம் சூப்பர்வைசர் ஜெயக்கொடிக்குப் போன் போட்டான். குரல்ல ஒரே சோகம். "கவலைப்படாதம்மா, இன்னும் வயசிருக்கு. உடம்பு தேறினதும் வேலைக்கு வா." பதினொன்னாம் நம்பர் சிவப்பு டப்பாவுல யாரு யாரோடதோ போயிருக்கு, மூக்கன் அதை வச்சுக் கரு கலைஞ்சு போச்சுன்னு எழுதிட்டான். உசுரோட இருக்கிற பிள்ளைக்குத் துக்கம் விசாரிக்கிறான் பாவி. ஜெயக்கொடி நடுங்கிப்போயிட்டா. தூ தூன்னு மூணு தடவை துப்பச் சொல்லி, உப்பு மிளகாய் எடுத்துச் சுத்திப்போட்டேன். அன்னைக்கு மூக்கன் வாயிலயே கொண்டுபோய்க் கொட்டுனேன். இப்ப அவ திரும்ப வேலைக்குப் போறா. மூணு மாசமும் முடிஞ்சிருச்சு. புடவையைத் தளரக் கட்டிக்கிட்டா மில்லுல இன்னும் கொஞ்ச நாளைக்குத் தெரியாது.

அதுக்கு நாலு நாள் கழிச்சு ஒப்பந்தக்காரர் ஆபீஸ்ல இருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்துச்சு. 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். உடல் தேறியதும் பணிக்குத் திரும்பலாம்.'

ஜெயக்கொடிக்கு வந்தப்பத் துப்பச் சொன்னேன். எனக்கு வந்தப்பத் துப்ப முடியல.

இதை ஜெயக்கொடிகிட்டகூட நான் சொன்னதில்ல. எனக்கு ரெண்டு தடவை தங்கி, ரெண்டு தடவையும் போயிருக்கு. ஒண்ணு எட்டு வாரம், இன்னொண்ணு பத்து. மூணு மாசம் ஆகலையே, அதனால யாருக்கும் சொல்லல. சொல்லாததால யாரும் வந்து விசாரிக்கல. என் மாமியா சீலையை அலசிப் போடச் சொன்னாங்க, நான் அலசிப் போட்டுட்டு அடுப்பைப் பத்த வச்சேன். இருபது வருஷம் கழிச்சு, இல்லாத பிள்ளைக்கு, ஒரு குப்பைப் பெட்டி வந்து என்கிட்ட வருத்தம்னு சொல்லுது. எவ்வளவு பெரிய பொய்! இருந்தும் அதைக் கையில வச்சுக்கிட்டு, மாடிப்படிக்குக் கீழ டப்பாக்களுக்கு நடுவுல உக்காந்து ஒரு பாட்டம் அழுது தீத்தேன்.

மறுநாள் காலையில டப்பா எடுக்கப் போனேன். அடுக்குல மேலயே என் பன்னெண்டாம் நம்பர் இருந்துச்சு. கையை வச்சுட்டேன். ஒரே ஒருநாள் என் டப்பாவை நானே கொண்டுபோனா என்னன்னு தோணுச்சு. மூக்கன் என்னைப் பத்தி இன்னொரு தடவை எதையாவது தெரிஞ்சுக்கட்டும், இன்னொரு தடவை துக்கம் கேக்கட்டும்னு மனசு அடிச்சுக்கிச்சு.

ஜெயக்கொடி பின்னாடி வந்து நின்னா. "என்னக்கா, நம்பரைப் பாக்குற? நீயே பாக்கலாமா?"

வச்ச கையை இழுத்துக்கிட்டேன். அவ முகத்தைப் பாத்தேன். "ஜெயா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி"ன்னேன். "இருபது வருஷத்துக்கு முந்தினது."

அவ ரெண்டு டப்பாவைக் கவுத்துப் போட்டா. ஒண்ணுல அவ உக்காந்தா, இன்னொண்ணுல என்னை உக்காரச் சொன்னா.